அம்மாவின் குரல் யார் காதில் விழலாம்?

நாவலைத் திரைக்கதையாக்கும்போது செய்கிற வெட்டு, ஒட்டு எதற்கும் ஏதாவது ஒரு நியாயம் சொல்லிவிடலாம். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தில் வரும் அம்மாவின் குரலுக்கு மட்டும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

படத்துக்கு மூலமான ராபர்ட் பிளாக்கின் நாவல் (1959) மோட்டல் நடத்தும் நார்மனை வைத்தே தொடங்குகிறது. அவன் அம்மா எப்போதோ இறந்துவிட்டாள், அம்மாவாகப் பேசுவதும் அவனே என்பது கடைசியில்தான் தெரியும். முதல் அத்தியாயத்திலேயே அம்மா வருகிறாள், திட்டுகிறாள். அவன் மனதுக்குள் இருந்து எழுதியதால் அதில் பொய் இல்லை. அவனுக்குக் கேட்டதை நாம் படிக்கிறோம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

1960இல் ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோவும், பணத்தைத் திருடிக்கொண்டு வந்து அந்த மோட்டலில் தங்கும் மேரியனிடமிருந்து தொடங்கினார்கள். நடுவயதுப் பருமனான நார்மன், ஒல்லியான ஆந்தனி பெர்கின்ஸ் ஆனான். இரண்டும் சரியான முடிவுகள். நார்மன் அம்மாவை மாடியிலிருந்து கீழே தூக்கி வரும் ஷாட் அபாரம். கேமரா வெட்டே இல்லாமல் படியேறி, உச்சிக்குப் போய்க் கீழே பார்க்கிறது. அதற்குள் தாயும் மகனும் போடும் சண்டையில் காது போய்விடுவதால், முகம் ஏன் தெரியவில்லை என்று கேட்கத் தோன்றாது. துப்பறிபவரின் கொலையையும் முன்பே டாப் ஆங்கிளில் காட்டியாயிற்று.

ஆனால் அந்தச் சண்டையில் அம்மாவாகப் பேசுவது பெர்கின்ஸ் அல்ல. விர்ஜீனியா கிரெக், ஜீனெட் நோலன், பால் ஜாஸ்மின் என்று மூன்று பேரின் குரல்கள் படத்தில் பயன்பட்டன. கடைசியில் காவலில் இருக்கும் நார்மனின் முகத்தின்மேல் அம்மாவின் குரல்தானே ஒலிக்கிறது, ஆகவே முன்பு கேட்டதும் அவன் தலைக்குள் ஒலித்ததே என்று வாதாடலாம். நல்ல வாதம்தான். ஆனால் அதற்கு வெகு முன்பு, மோட்டலுக்கு வந்த இரவில், தாயும் மகனும் போடும் இன்னொரு சண்டையை மேரியனும் கேட்கிறாளே! மோட்டல் அறை ஜன்னலில் நிற்கும் அவள் அவன் தலைக்குள் இல்லை. அவன் தொண்டையிலிருந்து வந்ததுதான் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். நமக்குத் தந்தது வேறு.

பெர்கின்ஸே பேசியிருந்தால் பாதித் தியேட்டர் கண்டுபிடித்திருக்கும் என்பதும் உண்மை.

மேரியன் கேட்கும் அந்தச் சண்டையையே எடுத்துவிட்டால்? அதனால்தான் வீட்டுச் சாப்பாடு நின்று, நார்மன் சாண்ட்விச்சும் பாலும் கீழே கொண்டு வருகிறான். பாடம் செய்த பறவைகளுக்கு நடுவே அவனும் மேரியனும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகே, திருடிய 40,000 டாலரோடு ஊர் திரும்ப அவள் முடிவெடுக்கிறாள். சொற்கள் தெளியாத முணுமுணுப்பாக வைத்தால், தன்னை அந்த அம்மா எவ்வளவு கேவலமாகப் பேசுகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. பேச்சில் அந்தச் சூடும் இருக்காது.

ஆகவே அந்த சீன் இருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு இடத்துக்கு மட்டுமாவது, தொண்டையை மாற்றிப் பேசும் பெர்கின்ஸை டப்பிங்கில் முயன்று பார்த்திருக்கலாம் என்றே இன்னும் தோன்றுகிறது.