டியூட்டி 'கால்' வராத இரவுகள்: ஓய்வுபெற்ற லோகோ பைலட்டின் நாட்குறிப்பு

ஜூலை 3, 2025, ஈரோடு

ரயில் ஓட்டும் லோகோ பைலட் வேலையிலிருந்து ஜூன் 30-ஆம் தேதி ரிட்டயர் ஆனேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கூட்ஸ் ஓட்டிய காலத்தில் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் 'கால்', அதாவது டியூட்டிக்கு வரச் சொல்லும் அழைப்பு, வரும். முதலில் கால்பாய் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார், பிறகு போன் வந்தது. இன்று நான் எழுந்து உட்கார்ந்ததும் மனைவியும் எழுந்துவிட்டாள். "ஏனுங்க, கால் வந்துருச்சா? காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். இத்தனை வருடமும் என் டியூட்டி நேரத்துக்குத்தான் அவளும் தூங்கி எழுந்திருக்கிறாள். அது எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை.

ஜூலை 12

பகல் தூக்கத்தை விட முடியவில்லை. இரவெல்லாம் ஓட்டிவிட்டு ரயில் ஓட்டுபவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் படுத்தால் நான்கு மணி நேரம் தேறுவதே பெரிது. அசதி எவ்வளவு இருந்தாலும், வெளிச்சம் பட்டதும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பகல் என்று முடிவு கட்டிவிடும், தூக்கம் வரவைக்கும் ஹார்மோனான மெலட்டோனின் அடங்கிவிடும். விடிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் உடம்பு படுத்தும் பாடு ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் இன்ஜினில் உள்ள விழிப்புக் கருவி முதலில் விளக்கைச் சிமிட்டும், அப்புறம் ஒலி எழுப்பும், அதற்கும் அசையவில்லை என்றால் பிரேக் போட்டுவிடும். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் டியூட்டி கூடாது என்று லோகோ பைலட் சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. ரிட்டயர் ஆன பிறகும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

ஜூலை 29

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், காலை வெயிலில் நடக்க வேண்டும், மதியம் அரை மணிக்கு மேல் படுக்கக் கூடாது என்றார். சரி, செய்கிறேன்.

ஆகஸ்ட் 20

இப்போது நாலரை வரை தூங்குகிறேன். மகள் ஒரு பிரெஞ்சு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 2009-இல் வந்தது. அந்நாட்டு மின்சார, எரிவாயு நிறுவனத்தில் ஓய்வுபெற்ற 14,714 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வேலையின் கடைசி வருடத்தில் 24.2 சதவீதம் பேருக்குத் தூக்கக் கோளாறு இருந்தது. ஓய்வுபெற்ற முதல் வருடத்திலேயே அது 17.8 ஆகக் குறைந்துவிட்டது. இரவு வேலை பார்த்தவர்களுக்கு முன்னேற்றம் இன்னும் அதிகம். எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. ஆனால் உடல்நலக் குறைவால் ஓய்வுபெற்றவர்களுக்கு அப்படி இல்லையாம், கோளாறு கூடியிருக்கிறது. இன்னொன்றையும் மகள் படித்துக் காட்டினாள்: அந்த ஊழியர்களின் ஓய்வூதியம் சம்பளத்தில் 80 சதவீதம்.

செப்டம்பர் 14

அந்த 80 சதவீதம் மனதை விட்டுப் போகவில்லை. என் பால்ய நண்பன் நூற்பாலையில் மூன்று ஷிஃப்டும் பார்த்து ரிட்டயர் ஆனவன். பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை 2014-இலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். அவனுக்கு வருவது அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அதனால் இப்போது ஒரு குடோனில் இரவுக் காவல். காலையில் பார்க்கப் போனேன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தூக்கமாடா? அதெல்லாம் உன்னையாட்ட பென்ஷன் வாங்கறவனுக்கு" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். வேலை போனால் தூக்கம் வரும் என்று நான் பொதுவாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு வேலையும் போய், மாதாமாதம் பணமும் வந்தால்தான் அது நடக்கும். பகல் காவலுக்கு ஆள் தேவைப்படும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று நாளையிலிருந்து விசாரிக்கப் போகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.