வட்டமுதுகு நாற்காலியும் ஒரு சிறு ஆப்பும்

பழைய கைவைத்த நாற்காலிகளில், சீனத்தின் மிங் அரசர் காலத்தில் செம்மை பெற்ற 'சுவான்யீ' என்னும் வட்டமுதுகு நாற்காலிக்கு நிகராக நான் வேறெதையும் வைப்பதில்லை. அதன் மேற்சட்டம் முதுகுக்குப் பின்னால் வளைந்து, இரு தோள்களுக்கும் கீழே சரிந்து இறங்கி, அப்படியே கைப்பிடிகளாகி, முன்புறத்தில் வெளிநோக்கிச் சற்றே சுருண்டு முடிகிறது. முதுகு எங்கே முடிந்தது, கை எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஒரே கோடாகத் தெரியும் அந்தச் சட்டம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிந்த பிறகுதான் அந்த மரபின் மீது எனக்கு உண்மையான மரியாதை பிறந்தது.

அந்தச் சட்டம் வளைத்த மரம் அன்று. வளைவாக அறுத்து எடுத்த மரம். இவ்வளவு பெரிய வளைவை ஒரே பலகையிலிருந்து அறுத்தால், நார் ஓடும் திசை வளைவின் சில இடங்களில் குறுக்கே விழுந்துவிடும். அந்த இடத்தில் சட்டம் எளிதில் முறிந்துவிடும். ஆகவே தச்சர்கள் அதை மூன்று அல்லது ஐந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நார் இயன்றவரை நீளவாக்கில் ஓடும்படி அறுத்துக்கொண்டார்கள். இரு துண்டுகள் சேரும் முனைகளைப் பாதிப்பாதியாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைப்பார்கள். ஒவ்வொரு முனையிலும் விட்டிருக்கும் சிறு நாக்கு எதிர்த்துண்டில் வெட்டிய பள்ளத்துக்குள் போய் உட்காரும். இதனால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைவு நிற்கிறது. ஆனால் இழுத்தால் கழன்று வரும். அதைத் தடுக்க, இரண்டும் படிந்த இடத்தின் நடுவில் ஒரு சதுரத் துளை விட்டு, ஒருபுறம் சற்றே ஒடுங்கிய ஆப்பை அடித்து இறக்குவார்கள். ஆப்பு இறங்க இறங்க இணைப்பு இறுகும். ஆணி கிடையாது, பசையை நம்பியும் அது நிற்பதில்லை. இழைத்து மெருகேற்றிய பிறகு, கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் மெல்லிய கோடும் விரல்நகம் அளவிலான ஆப்பின் முகமும் தெரியும்.

இத்தனை நுட்பமான இணைப்பை மென்மையான மரத்தில் செய்ய முடியாது, முனைகள் நசுங்கிவிடும். மிங் அரசு 1567-இல் கடல் வணிகத் தடையைத் தளர்த்திய பின், தென்கிழக்கு ஆசியாவின் கடின மரங்கள் பெருமளவில் வந்து இறங்கின. ஆனால் கடின மரங்கள் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கப்பட்டது சீனத்தின் ஹைனான் தீவில் விளைந்த ஹுவாங்ஹுவாலி மரம். தேன்நிறமும் நறுமணமும் கொண்ட அது, நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்ததே. ஈட்டியில் உளி பிடித்துப் பழகிய தச்சருக்கு, அந்த மரம் எவ்வளவு கூர்மையான விளிம்பைத் தாங்கி நிற்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கால்களின் அமைப்பும் இதே சிந்தனையில் பிறந்தது. நான்கு கால்களும் இருக்கைச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறி, பல நாற்காலிகளில் அந்த வட்டச் சட்டத்தையே தாங்கும் தூண்களாகின்றன. இருக்கைக்குக் கீழே பருத்தும் மேலே மெலிந்தும் இருப்பதால், அந்தத் தோளின்மீது இருக்கை தன் எடையாலேயே அமர்ந்துகொள்கிறது. கால்கள் கீழே சற்று விரிந்தும் மேலே ஒடுங்கியும் நிற்கும். சீனத்து மரக் கட்டடங்களின் தூண்களிலும் இதே சாய்வு உண்டு.

அலங்காரத்தில் அவர்கள் காட்டிய அடக்கம் என்னை மிகவும் கவர்கிறது. முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்ப மெல்ல நெளியும் ஒற்றைப் பலகை, அதன் மேற்பகுதியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு செதுக்குச் சின்னம், பெரும்பாலும் அவ்வளவே. மீதி வேலையை மரத்தின் ரேகையே பார்த்துக்கொள்கிறது. பின்னர் வந்த சிங் காலத்து அரண்மனை நாற்காலிகளில் இடம் விடாமல் செதுக்கியிருப்பார்கள்; உழைப்பு அங்கே அதிகம்தான், ஆனால் நாற்காலியின் கோடு அந்தச் செதுக்கலுக்குள் மறைந்துவிடுகிறது என்பதே என் கருத்து. சுவான்யீ சாய்ந்து உறங்குவதற்கான இருக்கையும் அன்று. இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பாதங்களை முன்குறுக்குச் சட்டத்தின்மீது ஊன்றி, முழங்கைகளைச் சரிவில் படியவிட்டு, நிமிர்ந்து உட்கார வேண்டும். விருந்தினரை எதிர்கொள்ளும் ஒருவரின் மதிப்பை அந்த உட்காரும் முறையே சொல்லிவிடும்.

ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் எக்கே 1944-இல் பெய்ஜிங்கில் வெளியிட்ட நூல் இந்த மரபை அளவு வரைபடங்களோடு பதிவுசெய்தது. பல பத்தாண்டுகள் பொருட்களைச் சேகரித்தும் தச்சர்களிடம் கேட்டும் அறிந்தவற்றைச் சீன அறிஞர் வாங் ஷிஸியாங் 1985-இல் நூலாக்கினார். அவர் சேகரித்த 79 பொருட்கள் இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

டென்மார்க்கின் நாற்காலி வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் இந்த நாற்காலிகளைப் படங்களில் பார்த்துவிட்டு, 1944-இல் தன் 'சீன நாற்காலி'யை உருவாக்கினார். அவரும் தச்சுப் பயின்றவர் என்பதால் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. 1949-இல் வந்த அவரது 'வட்ட நாற்காலி'யின் மேற்சட்டமும் துண்டுகளால் இணைந்ததே. முதலில் அந்த இணைப்பைப் பிரம்பு சுற்றி மறைத்தவர், பிறகு பற்கள் போலக் கோத்த இணைப்பை வெளிப்படையாகவே விட்டுவிட்டார். 1960-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது மேடையில் இருந்தவை இந்த நாற்காலிகளே.

மூல நாற்காலிகளின் விலை இன்று எட்டாத உயரத்தில் இருக்கிறது. 2015-இல் நியூயார்க் ஏலத்தில் நான்கு சுவான்யீகள் அடங்கிய ஒரு தொகுப்பு 96 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆயினும் அருங்காட்சியகத்தில் இதைப் பார்க்கக் கிடைத்தால், சற்றுக் குனிந்து இருக்கையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே பலகை பொருத்தியிருந்தும், அடியில் குறுக்குக் கட்டைகள் கீழ்நோக்கி வளைந்திருந்தால், ஒரு காலத்தில் அங்கே பிரம்புப் பின்னல் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். உட்காரும்போது தொய்யும் பின்னலுக்கு இடம்விடவே அந்த வளைவு. பிரம்பு நைந்துபோனதும் பிற்காலத்தவர் பலகையை இட்டு மூடிவிட்டார்கள். சட்டத்தின் ஓரமாக வரிசையாக அடைபட்டிருக்கும் சிறு துளைகளும் அதற்குச் சாட்சி.