ஸ்டெம் செல் சிகிச்சைக்குக் காசு கட்டுவதற்கு முன்

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்த கையோடு, இந்திய ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளை அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் ஹட்டனில் எங்களைத் தேடி வந்தார். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தால் நோய் வேரோடு போய்விடும் என்றார். முன்பணம் உடனே வேண்டுமாம். அண்ணன் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டான். கண்டியில் புற்றுநோய் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்து சதமும் கட்டக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

வைத்தியர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ரிசெப்டர் ரிப்போர்ட் எங்கே மகள்?" என்றார். கட்டி ஹோர்மோனால் வளர்கிறதா, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று காட்டும் பரிசோதனை முடிவாம் அது. ஃபைலில் இல்லை. முதல் சத்திரசிகிச்சை வேறு ஆஸ்பத்திரியில் நடந்தது. அப்படி ஒரு ரிப்போர்ட் வரவேண்டும் என்று அங்கே யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை.

அதை வாங்கப் பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை. அந்த ஆஸ்பத்திரி லேப் கவுண்டரில் இருந்த கிளார்க் தலை நிமிராமலே, அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்றார். அடையாள அட்டையில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, கிளினிக் கொப்பியில் இன்னொரு மாதிரி. தோட்டத்து ஆட்கள் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் கொண்டுவரச் சொன்னார். அலைந்து வாங்கிக்கொண்டு போனால், வைத்தியரின் சீல் இல்லாமல் தேட முடியாது என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு விடிகாலை பஸ் பிடித்து வருகிறவர்கள் நாங்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே இருந்து வந்த லேப் மிஸ் ஒருவர் பழைய டயக்னோசிஸ் கார்டைக் கேட்டு வாங்கினார். மடித்து மடித்துக் கிழிந்துபோன ஓரத்தில், பென்சிலில் ஒரு எண்ணும் சாய்கோடும் வருடமும் இருந்தன. பயாப்சி நம்பர், அதாவது பரிசோதனைக்கு எடுத்த சதைத்துண்டின் எண். பெயரையே பார்க்காமல் பதிவேட்டில் அந்த நம்பரைப் பிடித்தார். ரிப்போர்ட் யாரும் வாங்காமல் அங்கேயே கிடந்திருக்கிறது. ஹோர்மோன் ரிசெப்டர் பொசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். அதாவது கட்டி ஹோர்மோனால் வளர்கிறது, ஹெர்2 என்ற புரதம் அதில் அதிகமில்லை.

கண்டி வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைப்பார்கள். அப்புறம் எலும்பு மச்சையே அழியும் அளவுக்குக் கீமோ ஏற்றிவிட்டு, அந்தச் செல்லைத் திரும்ப உடம்பில் விடுவார்கள். புற்றுநோயைத் தாக்குவது கீமோதான். ஸ்டெம் செல் மச்சையை மீட்க மட்டும்தான். மச்சை மீளும் வரை சின்னத் தொற்றுகூட உயிரை எடுத்துவிடலாம். இவ்வளவும் தாங்கினாலும் பரவிய மார்பகப் புற்றுநோயில் ஆயுள் கூடுவதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 1990களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். 2000இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதமும் வழக்கமான கீமோ பெற்றவர்களில் 38 சதவீதமும்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். பெரிய பலன் கிடைத்ததாக 1999இல் அறிவித்த தென்னாப்பிரிக்க வைத்தியர் வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வு மோசடி என்று அடுத்த வருடமே வெளியே வந்துவிட்டது.

ஏஜென்ட் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். அதில் குணமானதாகப் போட்டிருந்தவர்கள் எல்லாம் லிம்போமா, மயலோமா என்ற இரத்தப் புற்றுநோய் வகைகள் வந்த நோயாளிகள். அந்த நோய்களுக்கு இந்தச் சிகிச்சை உண்மையிலேயே உதவுகிறது. அதைக் காட்டி எங்களிடம் காசு கேட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா இப்போது தினமும், கட்டியை வளர்க்கும் ஹோர்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் குளிசை போடுகிறார். எலும்புக்கு கிளினிக்கில் ஊசி ஏற்றுகிறார்கள். இடுப்பு வலி குறைந்து, தானே எழுந்து தேத்தண்ணி ஊற்றுகிறார். நகையும் வீட்டில்தான் இருக்கிறது.

யாராவது பெரிய சிகிச்சை என்று வந்தால், எந்த நோய்க்கு, எந்த நிலைக்கு, எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் அன்றே பயாப்சி நம்பரை போனில் படம் எடுத்து வையுங்கள். நம்பர் இல்லாவிட்டால் திகதியையும் வார்டையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். கவுண்டரில் முடியாது என்றால் லேப் உள்ளே இருப்பவர்களிடம் கேளுங்கள்.