நீர்மட்டம் ஏறினால் எண்ணெய் மறையும்

மூடிய பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடி நீரைச் சோதிப்பது என் வேலை. ‘மாசு தென்படவில்லை’ என்று ஓர் அளவீடு வந்தால், அது எந்த மாதத்தில் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

கோலாலம்பூரின் செந்தூல் பக்கத்தில் ஒரு மனை. பம்புகள், கூரை, மண்ணுக்குள் இருந்த தொட்டிகள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். மேலே புல் முளைத்துவிட்டது. தொட்டிகள் இருந்த இடத்தருகே கண்காணிப்புக் கிணறு இறக்கினோம். கிணறு என்று சொன்னாலும் அது 2 அங்குலக் குழாய்தான். அளவுக்கருவியை உள்ளே விட்டால் எண்ணெயில் ஓர் ஓசையும் தண்ணீரில் வேறோர் ஓசையும் எழுப்பும். ஜூலை மாதம், மழை குறைந்திருந்த நேரம். முதலில் எண்ணெயின் ஓசைதான் கேட்டது. தண்ணீரைவிட இலேசான பெட்ரோல் நீர்மட்டத்தின் மேல் படலமாக நின்றிருந்தது.

நவம்பர் மழையில் நீர்மட்டம் ஏறியபோது மறுபடி அளந்தோம். படலத்தைக் காணோம். மனைக்காரரின் பிரதிநிதிக்கு முகம் மலர்ந்தது. “அதுதான் போய்விட்டதே, இனி எதற்கு ஐயா செலவு?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை, காசு அவர்களுடையது. ஆனால் எண்ணெய் எங்கும் போகவில்லை. ஏறி வந்த தண்ணீர் அதை மண் துகள்களின் இடுக்கில் துளித்துளியாகச் சிறைப்படுத்திவிட்டது. அந்தத் துளிகள் கிணற்றுக்குள் வடியாது. ஆனால் அவற்றிலிருந்து, பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற வேதிப்பொருள் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டி அளவு.

கோலாலம்பூரில் இந்த வேலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தைப்பூசத்துக்குப் படியேறிப் போகிறோமே, அந்தப் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறைதான் நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் கிடக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியும் குகைகள் இங்கே மண்ணுக்குள் பொந்துகளாகவும் பிளவுகளாகவும் இருக்கின்றன. மணலில் மெல்லக் கசியும் மாசு, பிளவு கிடைத்தால் நம் கிணறுகளை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் போய்விடும். துளையிடும் அண்ணன் ஒருவர், இயந்திரத்தின் தண்ணீர் திடீரென்று திரும்பி வராமல் போனாலே, “தம்பி, கீழே பொந்து” என்று சொல்லிவிடுவார். அந்த ஆழத்தை நான் உடனே குறித்துக்கொள்வேன். ஆய்வகத்தின் எண்களுக்குப் பொருள் சொல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.

மாதிரி எடுப்பதில் நான் மிகவும் கண்டிப்பு. குழாயில் தேங்கிய நீரை மெதுவாக இறைத்து, நீரின் மின்கடத்துதிறனும் அதில் கரைந்த ஆக்சிஜனும் மாறாமல் நிலைப்பட்ட பிறகுதான் குப்பியை நீட்டலாம். குப்பிக்குள் ஒரு காற்றுக்குமிழ்கூட இருக்கக்கூடாது. பென்சீன் எளிதில் ஆவியாகி அந்தக் குமிழுக்குள் போய்விடும். ஆய்வகம் குறைந்த அளவைத்தான் காணும். நம் ஊர் வெயிலில் குப்பியை மூடியதும் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். புதிதாக வந்த பையன்கள் சலித்துக்கொள்வார்கள். அவர்களை, அந்தச் செந்தூல் மனையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் பெரியம்மா ஒருவரின் வீட்டுக்கு அழைத்துப் போவேன். அங்கே பழைய கிணறு ஒன்று இருக்கிறது. குடிக்கக் குழாய்நீர், துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் கிணற்று நீர். நிலத்தடி நீர் அந்தத் திசையில்தான் நகர்கிறது என்பது எங்கள் அளவீடுகளில் தெரிந்தது.

“கிணற்று நீரைப் பயன்படுத்தலாமா தம்பி?” என்று பெரியம்மா கேட்டார். அவர் கிணற்றில் பென்சீன் தென்படவில்லை. ஆனாலும் அது மழைக்கால மாதிரி. வறண்ட மாத முடிவும் வரட்டும், அதுவரை இறைக்காதீர்கள் பெரியம்மா என்றேன்.

பிப்ரவரியில் நீர்மட்டம் இறங்கியது. மனையில் படலம் திரும்ப வந்தது. அதே பிரதிநிதி அளவுக்கருவியின் ஓசையைத் தாமே நின்று கேட்டார். இப்போது உறிஞ்சு பம்பு வைத்து எண்ணெயை எடுக்கிறார்கள். பெரியம்மாவின் கிணற்றில் பிப்ரவரியிலும் பென்சீன் இல்லை. பிளவுகள் உள்ள பாறை என்பதால் அந்தக் கிணற்றையும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டேன். சேர்த்துவிட்டார்கள்.