கொழும்புச் சித்தப்பாவை எந்தக் கிளையில் உட்கார வைப்பது?

குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றுவதில் சுலபமான பகுதி, தெரிந்தவர்களை ஏற்றுவது. அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாரையும் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். அதற்கப்புறம்தான் "நமக்குச் சொந்தம்தான், எப்படிச் சொந்தம்னு தெரியாது" என்கிற கூட்டம் வாசலில் வந்து நிற்கும். என் கோப்பில் அந்தக் கூட்டத்துக்கு எப்படி இடம் பண்ணினேன் என்பதுதான் இந்தப் பதிவு. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மென்பொருள் கிராம்ப்ஸ், இலவசம், திறமூலம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். வீட்டு ஆட்களின் பெயரை வெளியே போடும் பழக்கம் எனக்கில்லை, முறை சொல்லியே எழுதுகிறேன்.

கூட்டத்தில் முதல் ஆள் கொழும்புச் சித்தப்பா. எனக்கல்ல, அப்பாவுக்கும் அத்தைமாருக்கும் சித்தப்பா. கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதியவர், வரும்போது சோப்பும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தவர், கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தவர். இவ்வளவு தெரியும். ஆனால் மென்பொருளுக்கு இது போதாது. அது கேட்பது இரண்டே கேள்வி: இவர் யாருக்குப் பிள்ளை, யாருக்குக் கணவர்?

சித்தப்பா ஆவதற்கு நம்மிடம் இரண்டு வாசல் உண்டு. தாத்தாவுக்குத் தம்பி முறை என்றால் சித்தப்பா, அவர் பங்காளி. ஆச்சியின் தங்கையைக் கட்டியவர் என்றாலும் சித்தப்பாதான். அவர் பங்காளி இல்லை. போதாக்குறைக்கு, இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கவும் வழி உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் அக்கா தங்கை இரண்டு பேரைக் கட்டுவது எங்கள் பக்கம் புதிதல்ல.

முதலில், பலரும் செய்வதுபோல, பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குறி பெயரின் ஒரு பகுதியாகி, பட்டியல், தேடல், அச்சிட்ட அறிக்கை என்று எல்லா இடத்துக்கும் கூடவே போனது. சந்தேகம் இருப்பது அவர் பெயரில் அல்ல, அவர் பெயர் தெளிவாகவே தெரியும். சந்தேகம் கோட்டில் இருக்கிறது.

அடுத்தது, இரண்டு கோட்டையும் போட்டே பார்த்தது. பங்காளி என்ற கணக்கில், பூட்டனுக்குப் பெயர் தெரியாத ஒரு தம்பியை உருவாக்கி, அவருக்கு இவரைப் பிள்ளையாக்கினேன். சித்தி புருஷன் என்ற கணக்கில் ஆச்சியின் தங்கை ஒருத்தியோடு சேர்த்தேன். கிராம்ப்ஸ் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் உறவைக் கணக்கிடும் கருவியைத் திறந்து கேட்டால், எனக்கும் அவர் பேரப்பிள்ளைகளுக்கும் உள்ள உறவைச் சத்தியம் செய்கிற மாதிரி சொல்கிறது. என் தாத்தாவும் ஆச்சியும் ஏற்கெனவே மாமன் மகன், அத்தை மகள். மரம் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அதன்மேல் ஊகக் கோடுகளையும் இழுத்தால் படம் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி ஆகிறது. இரண்டையும் அழித்தேன்.

இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது. நபரைத் தனியாகச் சேர்க்கிறேன், யாரோடும் கோடு இல்லை. நபர் பக்கத்தில் 'அசோசியேஷன்ஸ்' என்று ஒரு தாவல் உண்டு. ஞானப்பெற்றோர் மாதிரியான தொடர்புகளுக்காக வைத்தது. அதில் உறவை நம் சொல்லிலேயே எழுதலாம் என்பதுதான் எனக்கு வசதி. "தாத்தாவுக்குத் தம்பி முறையா?" என்று தாத்தாவை நோக்கி ஒன்று, "ஆச்சியின் தங்கை புருஷனா?" என்று ஆச்சியை நோக்கி ஒன்று. இது வரைபடத்தில் கோடாக வராது, உறவுக் கணக்கிலும் சேராது. ஆனால் ஆச்சியின் பக்கத்தைத் திறந்தால் அவரைக் குறிப்பிடும் பதிவுகளில் இவரும் தெரிவார். கூடவே 'முறை தெரியாதவர்' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு டேக். நபர் பட்டியலில் அந்த வரியே ஆரஞ்சாக மாறிவிடும். ஒருவருக்கு இரண்டு மூன்று டேக் இருந்தால் முன்னுரிமையில் மேலே இருப்பதன் நிறம்தான் தெரியும், அதனால் இதை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்தேன்.

இப்படி மிதப்பவர்கள் நாளடைவில் மறந்துபோவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு 'நாட் ரிலேட்டட்' என்றொரு கருவி இருக்கிறது. மரத்தோடு ஒட்டாத அத்தனை பேரையும் வரிசையாக எடுத்துக் கொடுக்கும், அங்கிருந்தே டேக்கும் போடலாம். மாதக் கடைசியில் ஒருதரம் ஓட்டினால் யார் யார் வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

இடம் பண்ணியாயிற்று. இனி விசாரணை. அப்பாவின் மூத்த அக்காவிடம் போனேன், எண்பதைத் தாண்டியவர். சுற்றி வளைக்காமல் "கொழும்புச் சித்தப்பா நமக்குப் பங்காளியா அத்தை?" என்று கேட்டேன்.

"எலே, பங்காளின்னா நாம தீட்டுல்லா காத்திருக்கணும்? அவுக செத்ததக் கேள்விப்பட்டு தலைக்கு ஊத்திட்டு அடுப்பப் பத்த வச்சோம். மறுவாரம் கொடைக்கும் போனோம்."

"அப்ப ஏன் சித்தப்பான்னு கூப்பிட்டீங்க?"

"சித்தி புருசன சித்தப்பான்னு கூப்பிடாம மாமான்னா கூப்பிடுவாக?"

"எந்தச் சித்தி?"

"அம்மைக்கு எத்தனையோ தங்கச்சி. பெரியம்ம மக்களும் தங்கச்சிதான..."

எந்த ஆவணமும் இவ்வளவு சுத்தமாக ஒரு கிளையை வெட்டியிருக்காது. பங்காளி வீட்டுச் சாவு என்றால் தீட்டு. தீட்டு இருக்கும்போது குலசாமி கோயில் கொடைக்குப் போக மாட்டார்கள். போயிருக்கிறார்கள் என்றால் அவர் பங்காளி இல்லை. முறை தெரியாதவர்களைப் பற்றி விசாரிக்கும்போது "அவர் யார்?" என்று கேட்பதைவிட "அவர் வீட்டுச் சாவுக்கு என்ன செய்தீர்கள், அவர் வீட்டில் பெண் எடுத்தீர்களா?" என்று கேட்பது பலிக்கிறது. பெண் கொடுக்கல் வாங்கல் இருந்தாலே பங்காளி இல்லை என்று ஆகிவிடும். யார் யாரைக் கட்டலாம், யார் வீட்டுக்கு எத்தனை நாள் தீட்டு என்பதெல்லாம் வயதானவர்களுக்குத் தேதியைவிடத் துல்லியமாக நினைவிருக்கிறது.

இதை எங்கே எழுதுவது? அத்தையை ஒரு மூலமாகவே சேர்த்திருக்கிறேன். பேச்சை அனுமதி கேட்டுப் போனில் பதிந்து, அந்த ஒலிக்கோப்பையும் அதோடு இணைத்தேன். கிராம்ப்ஸில் ஒவ்வொரு சான்றுக்கும் நம்பிக்கை அளவு ஐந்து படி: மிகக் குறைவு, குறைவு, இயல்பு, அதிகம், மிக அதிகம். இது ஆளுக்குப் போடும் மதிப்பெண் இல்லை, அவர் சொன்ன ஒவ்வொரு சேதிக்கும் தனித்தனி. தீட்டு காக்காததை அத்தை தானே இருந்து பார்த்தவர், அதற்கு 'அதிகம்'. பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று சொன்னது கேள்வி ஞானம், அதற்கு 'குறைவு'. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவிலுள்ள இணைப்புக்கே தனியாகச் சான்று வைக்கலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. குடும்பப் பக்கத்தில் பிள்ளையின் பெயரை இருமுறை சொடுக்கினால் தகப்பனோடு என்ன உறவு, தாயோடு என்ன உறவு என்று பிரித்துப் போட இடம் வரும். சொந்தப் பிள்ளை, சுவீகாரம், தெரியாது என்று தேர்ந்தெடுக்கலாம். சான்றும் குறிப்பும் சேர்க்கும் தாவல்கள் அதே இடத்தில் இருக்கின்றன. சந்தேகத்துக்கு உரிய முகவரி அதுதான்.

அத்தை கல்யாணத்து மொய் நோட்டும் கிடைத்தது. நீள நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள் கறை. கணக்கு முழுக்க அணாவில். அணாவுக்குப் பதிலாக நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. ஆனாலும் பழக்கத்தில் சில காலம் அணாவிலேயே எழுதியிருப்பார்கள் என்பதால் 'சுமார் 1957' என்று மட்டும் போட்டேன். பெயர்களை ஊர்வாரியாக எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா பெயருக்கு முன்னால் 'கொழும்பு' என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, மேலே வேறு மையில் ஆச்சி பிறந்த ஊரின் பெயர். மொய் எழுதியவர் யாரோ பக்கத்தில் இருந்தவர் சொல்லித் திருத்தியிருக்க வேண்டும். திருப்பிச் செய்யவேண்டிய மொய், ஊர் மாறி நிற்கக் கூடாதல்லவா. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். சித்தி புருஷன் பக்கம் தராசு நன்றாகவே சாய்ந்தது. தாத்தாவை நோக்கிய தொடர்பை நீக்கினேன், ஆனால் ஏன் நீக்கினேன் என்ற குறிப்பை அவர் பக்கத்தில் விட்டுவைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஒருவர் வந்து அதே கோட்டைத் திரும்ப இழுப்பார்.

தேதிகளும் இப்படித்தான். "தனுஷ்கோடி போனதுக்கப்புறம் அவுக கொழும்புக்குப் போகல" என்றார் அத்தை. தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. ஊர் திரும்பியதற்கு 'டிசம்பர் 1964-க்கு முன்' என்று வைத்தேன். இறந்தது ராஜீவ் காந்தி செத்ததற்கு முந்தி; 'மே 1991-க்கு முன்'. தேதி சரியாகத் தெரியாவிட்டாலும் இறப்பு நிகழ்வைச் சேர்ப்பது முக்கியம். பிறப்பும் இல்லாமல் இறப்பும் இல்லாமல் விட்டால், மென்பொருள் அவரை உயிரோடு இருப்பவர் கணக்கில் வைத்து, பிறருக்குக் கொடுக்கும் அறிக்கையில் மறைத்துவிடக்கூடும். 'சுமார்' என்று போட்டால் தேடலில் முன்னும் பின்னும் எவ்வளவு ஆண்டு பார்க்கும் என்பதற்கு அமைப்புகளில் ஒரு எண் உண்டு. அது 50-ல் இருந்தது. ஐம்பது வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை பிறந்துவிடும். 5 ஆக்கிவிட்டேன்.

இன்னொரு சிக்கல், ஒரே பெயரில் இரண்டு பேர். பூட்டன் பெயர்தான் அவருடைய மூத்த பேரனுக்கும். டிரங்குப் பெட்டியில் அந்தப் பெயரில் ஒரு ஜாதகம் அகப்பட்டது. 'யுவ வருஷம் தை மாதம்' என்பது வரை தெளிவு. கொல்லம் ஆண்டு (தொடர் எண்ணாக ஓடும் மலையாள ஆண்டுக்கணக்கு) இருந்திருக்க வேண்டிய ஓரத்தைச் செல் அரித்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பழைய ஜாதகங்களில் கொல்லம் எண் இருக்கும், 1051 என்றோ 1111 என்றோ ஒரு எண் இருந்திருந்தால் பேச்சே இல்லை. யுவ வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஆக அந்தத் தை 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். பூட்டனும் பேரனும் ஏறக்குறைய அதே இடைவெளி!

ராசிக் கட்டம் முழுசாக இருந்தது. சனியையும் குருவையும் வைத்து இதில் பிரயோஜனம் அதிகமில்லை. சனி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு, குரு ஏறக்குறைய 12, அறுபதாண்டில் இரண்டுமே பழைய இடத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடும். ராகு அப்படி இல்லை. அதன் சுற்று 18½ ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல், அறுபதில் அது முழுசாக அடங்காது; ஏறக்குறைய மூன்று ராசி தள்ளி நிற்கும். ஜாதக மென்பொருளில் இரண்டு தேதியையும் போட்டுப் பார்த்தேன். 1876 தையில் ராகு மீனத்தில், 1936 தையில் தனுசில். ஜாதகத்தில் தனுசு. பேரனுடையது. பூட்டனுக்குச் சரியான தேதி கிடைக்கும் என்ற ஆசை அதோடு போயிற்று; அவர் 'மதிப்பீடு, சுமார் 1880' ஆகவே இருக்கிறார். தமிழ் வருஷத்துக்கு கிராம்ப்ஸில் நாட்காட்டி கிடையாது. தேதியை ஆங்கில மாதத்தில் போட்டு, தேதிப் பெட்டியிலேயே உள்ள உரைக் குறிப்பில் 'யுவ, தை' என்று எழுதி வைத்தேன்.

ஒரே பெயர்க்காரர்களைச் சேர்த்து ஒருவராக்கும் 'மெர்ஜ்' பொத்தானை நான் அவசரத்துக்குத் தொடுவதில்லை. செய்ததைத் திருப்ப வழி உண்டு, ஆனால் கோப்பை மூடித் திறந்தால் அந்த வழி போய்விடும். சேர்ப்பதற்கு முன் ஒரு காப்புப் பிரதி.

பெரியம்மா மகன் அமெரிக்காவில் வேறு மென்பொருள் வைத்திருக்கிறான், அவனுக்கு ஜெட்காம் கோப்பாக (குடும்ப மர மென்பொருள்களுக்கு இடையே தகவல் மாற்றும் பொது வடிவம்) ஏற்றுமதி செய்து அனுப்பினேன். ஆரஞ்சு டேக் ஒன்றும் போய்ச் சேரவில்லை, ஜெட்காமில் அதற்கு இடமில்லை. நம்பிக்கை அளவும் ஐந்து படியிலிருந்து 0 முதல் 3 வரையான எண்களாகச் சுருங்குகிறது. 'இயல்பு' என்று வைத்தவை எண்ணே இல்லாமல் போகின்றன. ஜெட்காம் 5.5.1-ல் பிள்ளை–பெற்றோர் இணைப்புக்கே 'சந்தேகத்துக்குரியது', 'பொய்யென்று தெரிந்தது', 'உறுதி' என்று நிலை எழுத வசதி உண்டு, கிராம்ப்ஸ் திரையில் அதற்கு நேரான பெட்டி எனக்குத் தட்டுப்படவில்லை. அதனால் சந்தேகங்களை டேக்கில் மட்டும் விடாமல் குறிப்பிலும் ஒரு வரி எழுதுகிறேன். குறிப்பு எங்கே போனாலும் கூடவே போகிறது.

சித்தப்பா இன்னும் ஆரஞ்சுதான். ஆச்சிக்குக் கூடப்பிறந்த தங்கைகள் இரண்டு பேர், ஒருத்தி சின்னதிலேயே இறந்துபோனவள், மற்றவள் கணவர் யாரென்று தெரியும், அவர் இவரில்லை. ஆகவே ஆச்சியின் பெரியம்மா மகள்களில் ஒருத்தி. ஆச்சியின் ஊரில் அவர் பெயரில் ஒரு வீடு இருந்ததாக அத்தை சொல்கிறார். கிரயப் பத்திரம் என்றால் 'இன்னார் குமாரர்' என்று தகப்பன் பெயர் இருக்கும், மனைவி பெயரில் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும், அதற்குச் சர்வே எண் வேண்டும். அத்தை மகன் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு முன் பட்டாவைப் பார்த்து எண் அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.