சீட்டு இருந்தால் கொடுத்திருப்பேன்

ஒரு மகன் தன் அப்பாவுக்காக, டாக்டர் சீட்டு இல்லாமல், எங்கள் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கேட்டார். நான் கொடுக்கவில்லை. அது சரிதான் என்று கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த ஆய்வு முடிவும் கிட்டத்தட்ட என் பக்கம்தான். இருந்தும் அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் எங்கேயோ இடிக்கிறது.

அவர் கேட்டது டெஃபெரிப்ரோன். தலசீமியா நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும். அதைப் பிடித்து வெளியேற்றும் மாத்திரை. எங்கள் கடையில் இருப்பு வைப்பதில்லை, சொல்லிவிட்டால் வந்துவிடும். அவர் அப்பாவுக்கோ தலசீமியா இல்லை, பார்க்கின்சன்.

அப்பாவை எனக்கு முன்பே தெரியும். சேலத்தில் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பார்க்கின்சனுக்கான சிண்டோபா மாத்திரை வாங்க அவரே வருவார். கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போது வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருக்கும். சட்டைப் பையில் கையை விட்டுப் பணம் எடுக்கும்போது நடுக்கம் நின்றுவிடும். கையைத் தொங்கவிட்டதும் மறுபடி தொடங்கும். "நடுக்கம் கூடப் பரவாயில்லைங்க, விரல் சொன்ன பேச்சைக் கேக்க நேரமாகுது" என்று ஒருமுறை சொன்னார். பட்டறையில் உட்காராமல் போனது அதனால்தான். ஒரு கொலுசில் எத்தனை வளையம் கோக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 'நேரமாகுது' புரியும்.

மகன் வந்தது கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு. கையில் ஒரு ஆய்வுக் கட்டுரை, பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டது. பிரான்ஸில் 40 நோயாளிகளை வைத்துச் செய்து 2014இல் வெளியானது. டெஃபெரிப்ரோன் சாப்பிட்டவர்களுக்கு மூளையில் இரும்பு குறைந்தது எம்ஆர்ஐயில் தெரிந்தது, உடல் அசைவும் கொஞ்சம் தேறியது என்று இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் குப்பை இல்லை. நானும் நின்றபடியே ரெண்டு பக்கம் படித்தேன்.

"அண்ணா, நான் ஏற்கனவே பாதி செஞ்சு பாத்துட்டேன். அப்பாவுக்கு ரத்தம் கம்மின்னு எழுதியிருந்த இரும்பு மாத்திரையை நிறுத்திட்டேன். பத்துப் பதினஞ்சு நாள்ல ஆளே சுளுவா எந்திரிக்கிறாரு. இனி உள்ளே இருக்கிறதை எடுக்கணும்."

அவர் முகத்தில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். எனக்கோ காரணம் உடனே தெரிந்துவிட்டது. "ரெண்டையும் எப்போ குடுத்துட்டிருந்தீங்க தம்பி?"

"டிபன் சாப்பிட்டதும் ஒன்னாத்தான்."

சிண்டோபாவில் உள்ள முக்கிய மருந்து லெவோடோபா, மூளையில் போய் டோபமைனாக மாறுவது. அதுவும் இரும்பும் குடலில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். லெவோடோபா சரியாக ரத்தத்தில் ஏறாது. இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பார்மசி படித்த எவருக்கும் தெரியும். இரும்பை நிறுத்தியதும் அப்பா தேறியது, மூளையில் எதுவும் குறைந்ததால் அல்ல. அவர் விழுங்கிக்கொண்டிருந்த லெவோடோபா முதல்முறையாக ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததால். மாத்திரை வழியாகப் போகும் இரும்பு நேராக மூளையில் போய்ப் படிந்துவிடாது, ரத்தக் கணக்கு வேறு, மூளைக் கணக்கு வேறு என்றேன். டாக்டரைக் கேட்டு மறுபடி ஆரம்பியுங்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள் என்றும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "எப்படியோ, இரும்பை நிறுத்துனதும் நல்லாத்தானுங்களே இருக்காரு?" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. "சீட்டு இல்லாம அந்த மருந்தைத் தர முடியாது தம்பி."

"சீட்டு இருந்தா குடுப்பீங்களா?"

"இருந்தா குடுப்பேன்."

"அப்ப மருந்துல பிரச்சினை இல்லை. காகிதத்துலதான்."

பின்னால் இருமல் மருந்துக்கு ஒருவர் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்து, "என்ன வேணுங்க?" என்றேன்.

சட்டப்படி நான் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சீட்டில்லாமல் எதை எதையோ எடுத்து நீட்டும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதில் மட்டும் கறாராக நின்றதற்கு என்னை நானே மெச்சிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நரம்பியல் நிபுணர் எழுதிக் கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் வரவழைத்துக் கொடுத்திருப்பேன். அவர் அப்பாவின் மூளையில் அந்த மருந்து என்ன செய்திருக்கும் என்பது அந்தக் காகிதத்தால் மாறியிருக்குமா?

அந்த வாரம் முழுக்கக் கடை மூடியபிறகு இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். மகன் கிளறியது வெட்டிப் பேச்சு அல்ல. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இரும்பு இருப்பதைப் பாரிஸில் லெர்மித் குழுவினர் 1924இலேயே பார்த்திருக்கிறார்கள். உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இந்த நோயில் செத்துப்போகும் இடமான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இரும்பு கூடியிருப்பது 1980களில் அளந்தே உறுதியானது. அதே இடத்தில் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்து நிற்பதை 1988இல் கனடாவில் மெக்கீர் குழுவினர் காட்டினார்கள். அதாவது இரும்பும் அழற்சியும் ஒரே இடத்தில். இரும்பு அழற்சியைத் தூண்டுகிறதா, அழற்சிதான் இரும்பைச் சேர்க்கிறதா?

இரண்டுமே என்றுதான் படிக்கப் படிக்கத் தோன்றியது. கிருமி நுழைந்தால் உடம்பு முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று இரும்பை ஒளித்து வைப்பது. கிருமிக்கும் அது வேண்டும் அல்லவா? கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஃபெரோபோர்டின் வாசல் அடைபடும். நாள்பட்ட நோயாளிகளுக்கு இரும்பு உள்ளே இருந்தும் ரத்தசோகை வருவது இதனால்தான். மூளையிலும் இதே போன்ற பூட்டு விழுகிறது. அழற்சிச் சமிக்ஞை வந்தால் செல்கள் இரும்பை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கின்றன. இரும்பு நிறைந்த மைக்ரோகிளியா இன்னும் அழற்சியைக் கக்குகிறது. பக்கத்து நரம்பு செல் சாகிறது, செத்த செல்லிலிருந்து சிந்தும் நியூரோமெலனின் என்ற கருநிறமி மறுபடி மைக்ரோகிளியாவைச் சீண்டுகிறது. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் பிடி கிடைக்காது. இரும்பை எடுத்தால் இந்தச் சுழல் நிற்கும் என்று நினைத்ததில் மகனை எப்படிக் குறை சொல்வது? பெரிய பெரிய ஆய்வாளர்களும் அதையேதான் நினைத்தார்கள்.

நினைத்ததைச் சோதித்தும் பார்த்தார்கள். முதலில் சொன்ன, 2022 டிசம்பரில் முடிவு வந்த ஆய்வு அதுதான். ஐரோப்பாவில் 372 பேர், 36 வாரம், பாதிப் பேருக்கு டெஃபெரிப்ரோன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மூளையில் இரும்பு குறைந்தது. நோயோ கூடியது. நோயின் அளவுகோலில் மருந்து சாப்பிட்டவர்கள் 15.6 புள்ளி மோசமானார்கள், வெற்று மாத்திரைக்காரர்கள் 6.3 மட்டுமே. உடம்பு தாங்காமல் வழக்கமான டோபமைன் சிகிச்சையைத் தொடங்க வேண்டி வந்தவர்கள் மருந்துப் பக்கம் 22 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 2.7. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு வெள்ளணுக்கள் அபாயமான அளவுக்கு விழுந்தன.

இதைப் படித்த அன்று ஒரு நிம்மதி வந்தது உண்மை. டோபமைனைத் தயாரிக்கும் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதிக்கே இரும்பு வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்ச செல்களிடமிருந்தும் இரும்பைப் பிடுங்கினால் உற்பத்தி படுத்துவிடும் என்று விளக்கம் சொல்கிறார்கள். நல்ல விளக்கம். ஆனால் சீட்டைக் கேட்டபோது எனக்கு இது எதுவும் தெரியாது. அப்போது அந்த முடிவே வந்திருக்கவில்லை.

அடுத்த முறை மகன் சிண்டோபா வாங்க வந்தபோது சொல்லிவிட்டேன். அவர் முன்னால் ஜெயித்துக்காட்டுவது போல ஆகிவிடக் கூடாதே என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். போனை வாங்கிப் பார்த்தார். வெள்ளி வேலைக்காரர் கண், லேசில் எதையும் விடாது.

"இதுல யாருமே லெவோடோபா சாப்பிடாதவங்கன்னு போட்டிருக்கே?"

"ஆமா தம்பி. புதுசா நோய் தெரிஞ்சவங்க, மருந்தே தொடங்காதவங்க."

"எங்கப்பா சாப்பிடுறாரு. அந்த 40 பேரும் டோபமைன் மருந்துல இருந்தவங்கதான். அப்ப எங்கப்பாவுக்கு எது பொருந்தும்?"

வெளியிலிருந்து லெவோடோபா போகும்போது அந்த நொதி படுத்தாலும் அவ்வளவு தெரியாமல் இருக்கலாம். நியாயமான கேள்வி. பெரிய ஆய்வு அவர் அப்பா போன்றவரைச் சேர்க்கவே இல்லை. "உறுதியா சொல்ல முடியாது" என்றேன். "அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன்ணா" என்றார். அன்றைக்கு அவர் சண்டைக்கும் வரவில்லை, அது வேறு விஷயம்.

"அப்பா என்ன சொல்றாருன்னு தெரியுமா?" என்று சிரித்தார். "நான் ஆயுசு முழுக்க வெள்ளியிலதான் கெடந்தேன், எனக்கெப்படிடா இரும்பு சேந்துச்சு, கஞ்சமலைக்கு இந்தப் பக்கம் இருக்கறதாலயான்னு கேக்கறாரு." கஞ்சமலை மாக்னடைட் என்ற இரும்புத் தாது கிடக்கும் மலை என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நானும் சிரித்தேன். இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம், ரத்தமும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்.

இப்போது கடைப் பையன்களிடம், இந்த மாதிரி யாராவது கேட்டால் சீட்டு வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடாதே, என்னைக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் நானும் கடைசியில் சீட்டைத்தான் கேட்பேன், அது மாறவில்லை. டெஃபெரிப்ரோன் சாப்பிடுபவர்களுக்கு, முதல் சில மாதங்களுக்காவது, வெள்ளணு எண்ணிக்கையை வாராவாரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கவனிக்க ஒரு டாக்டர் இல்லாமல் கொடுப்பது ஆபத்து. சீட்டு என்ற காகிதத்துக்கு அர்த்தமே அதுதான் என்று இப்போது அழகாகச் சொல்ல வருகிறது. வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பீர்களா என்று அன்றைக்கு நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுப்பேன் என்றுதான் சொல்லியிருப்பார், சொன்னதைச் செய்யக்கூடிய ஆளும்கூட. அப்புறம் எதைச் சொல்லி மறுத்திருப்பேன்?