பரணில் கிடந்த ஏர் பெட்

அப்பாவுக்கு ஒன்பது வருடம் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய். அதற்கான லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கணும். பருப்பு, முட்டையோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. அந்த நேரக்கணக்கு முழுக்க அம்மாவின் தலையில்தான் இருந்தது. அம்மாவுக்கே மறதி நோய் வந்தபோது வீடு ஆட்டங்கண்டது.

இருவரும் போன பிறகு கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணில் வீல்சேர், கமோடு நாற்காலி, வாக்கர், படுக்கைப் புண்ணுக்கான காற்று மெத்தையான ஏர் பெட் எல்லாம் மிஞ்சின. இல்லாதவங்களுக்கு இரவலாகக் கொடுக்கலாமே என்றாள் அக்கா. டிரஸ்ட்டாகவே பதிவோம் என்றான் தம்பி.

2023-ல் பத்திரம் எழுத உட்கார்ந்ததுமே சண்டை. ‘நம் குடும்பத்து முதியவர்களுக்கும்’ என்று தம்பி எழுதிவைத்த வரியை ஆடிட்டர் பேனாவால் அடித்துவிட்டார். நிறுவியவர்களின் சொந்தத்துக்குப் பலன் போனால் வரிவிலக்கு வராதாம். டிரஸ்ட்டைக் கலைத்தாலும் சொத்து எங்களுக்குத் திரும்பாது, இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குத்தான் போகும் என்றும் சேர்த்தார். “அப்ப எதுக்குடா உங்க காசைப் போடறீங்க?” என்றார் பெரியம்மா. எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

சார்பதிவாளர் அலுவலக வேலை, இரண்டு சாட்சிகளோடு ஒரே காலையில் முடிந்தது. இழுத்தடித்தது பான் கார்டுதான். டிரஸ்ட் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து மாறிவந்து, திருத்தவே இரண்டு மாதம். விண்ணப்பிக்கும்போதே எழுத்துக்கூட்டலைப் பத்திரத்தோடு ஒத்துப்பாருங்கள். பிறகு ஆன்லைனில் வருமான வரித்துறையின் 10ஏ படிவம். டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டுக்கும் மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அதை முறையான பதிவாக மாற்ற 10ஏபி படிவம் போட வேண்டியிருந்தது, இதை யாரும் நினைவூட்டவில்லை.

இத்தனையும் 80ஜிக்காக. கடைசியில் பார்த்தால், தம்பியின் சென்னை நண்பர்கள் பாதிப்பேர் புதிய வரிமுறையில்; அவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாதாம்! இருந்தும் கொடுத்தார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி இல்லை என்பதால் எல்லாமே வங்கி வழிதான்.

ஏர் பெட்டை முதலில் வாங்கிப்போனது முதுநகர் ஆட்டோக்காரர் ஒருவர், அவர் அம்மாவுக்கு. படுக்கைப் புண். நாலு மாதம் கழித்து அவரே கொண்டுவந்தார். கழுவி, வெயிலில் காயவைத்து, மடித்திருந்தார். அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. ஓர் ஓரத்தில் காற்று இறங்கியிருந்த இடத்தில், சைக்கிள் கடையில் கொடுத்துப் பஞ்சர் ஒட்டியிருந்தது.